தம்பி போன பிறகு வந்த இன்னொன்று

"அம்மா எப்படி இருக்காங்க?" தம்பி இறந்த பிறகு என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். அடுத்தது, "அவன் பொண்டாட்டி எப்படிம்மா தாங்குறா?" அதற்கும் அடுத்தது, "குழந்தைக்கு ஏதாவது புரியுதா?" எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்மா நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள், அவன் மனைவி எப்போது வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தை பள்ளியில் என்ன வரைந்தது எல்லாம் எனக்கு அத்துப்படி. கேட்டுவிட்டு முடிக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே குரலில் முடிப்பார்கள். "நீதான் தைரியமா இருந்து எல்லாரையும் பாத்துக்கணும்."

பெற்றவள், கட்டியவள், பெற்ற பிள்ளை. கூடப்பிறந்தவளுக்கு இடம் அதற்குப் பிறகுதான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது. சுற்றியிருப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி கென்னத் டோகா என்கிற பேராசிரியர் 1989-லேயே எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் எனக்கு மூன்று வயது இளையவன். தூக்கத்திலேயே மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. நாங்கள் இரண்டே பேர். சின்ன வயதில் நடந்த ஏதோ ஒன்றை, இது நிஜமாகவே நடந்ததா அல்லது நானாக நினைத்துக்கொண்டதா என்று கேட்க எனக்கிருந்த ஒரே ஆள்.

நான் கணக்கர். அதனால் காகித வேலை எல்லாம் இயல்பாக என் கைக்கு வந்தது. இறப்புச் சான்றிதழ் நகல்கள், வங்கிக் கணக்குகள், காப்பீடு, அவன் அலுவலகத்திலிருந்து வரவேண்டிய பாக்கி, அவன் பெயரில் ஓடிக்கொண்டிருந்த மாதச் சந்தாக்கள். ஒரு பெரிய ஃபைல் வாங்கி, பிரிவு பிரிவாகப் பிரித்து, எதை யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று முன்பக்கத்தில் அட்டவணை ஒட்டினேன். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு படிவத்திலும் அவன் பெயரை எழுத வேண்டியிருந்தது. அவன் பெயரை எழுதுகிற வேலை இருக்கும்வரை எனக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, சில சமயம் அவன் போட்டுவைத்த பாஸ்வேர்டுகளைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு அடுத்த படிவத்தை எடுப்பேன்.

நாலைந்து மாதத்தில் ஃபைல் முடிந்தது. அதன் பிறகுதான் மற்றது வந்தது.

அது வந்த நாள் எது என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுவேன், ஆனால் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கு விழிப்பு தட்டிவிடும். தட்டினால் அவ்வளவுதான். அந்த நேரத்துக்கென்றே ஒரு பாரம் உண்டு. சாயங்காலம் ஆக ஆகக் கொஞ்சம் லேசாகும், மறுபடி விடியலில் முழுசாக வந்து உட்காரும். சாப்பாட்டில் ருசி போனது. பல் துலக்குவது ஒரு பெரிய காரியமாக ஆனது. பிரஷ்ஷை எடுக்கவேண்டும், பேஸ்டைத் திறக்கவேண்டும், பிதுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாகத் தெரியும். வாட்ஸ்ஆப்பில் படிக்காத செய்திகள் குவிந்தன. அலுவலகத்தில் ஒரே அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டலில் பிழை வந்ததே இல்லை என்று பேர் வாங்கியவள், கால்குலேட்டரில் போட்டதையே இரண்டாவது தரம் போட்டுப் பார்த்தும் நம்பிக்கை வராமல் உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் விட என்னைக் கலவரப்படுத்தியது வேறு ஒன்று. தம்பி அனுப்பிய குரல் செய்திகள் என் போனில் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று, ஒரு நிமிடம்கூட வராது. "அக்கா, போனை எடு. நீ எடுக்க மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் எடு." பின்னால் அவன் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருக்கும். முதல் மாதங்களில் அதைக் கேட்கவே பயமாக இருக்கும். கேட்டால் அன்றைக்கு முழுக்க வேறு வேலை ஓடாது. ஒரு ராத்திரி, அழுதாலாவது இந்தக் கனம் குறையும் என்று நானாகவே அதைப் போட்டுக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டேன். யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் அக்காவைக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான்.

அவன் இறந்தபோது அவன் மட்டும்தான் போயிருந்தான். இப்போது அவன்மேல் எனக்கிருந்ததும் போய்விட்டது என்று தோன்றியது.

பெரியப்பா மகன் ஒருவர், எனக்கு அண்ணன் முறை, நிறையப் படிப்பவர். அவரிடம் பாதி சொன்னேன். "இது நாலாவது கட்டம்மா. மறுப்பு, கோபம், பேரம், அதுக்கப்புறம் டிப்ரஷன். அது முடிஞ்சா ஏத்துக்கற மனசு தானா வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் பொறுத்துக்கொண்டேன், பஸ்ஸுக்கு நிற்பது போல அந்த ஐந்தாவது கட்டத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஐந்து கட்டக் கணக்கு எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் சொன்னது. அவர் அதற்காகப் பேசியது சாகப் போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம். தன் சாவை எதிர்கொள்கிறவர்களைப் பற்றிச் சொன்னது, பிறகு மெல்ல மெல்ல உறவைப் பறிகொடுத்தவர்களுக்கும் பொருத்தப்பட்டது. எல்லோரும் அதே வரிசையில்தான் போவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று துக்கத்தை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அது சுலபமாக மனதில் பதிந்துவிடுகிறது. எனக்கு அதில் இருக்கும் கோபம் ஒன்றுதான். பட்டியலில் நாலாவதாக டிப்ரஷன் என்று இருப்பதால், சிகிச்சை எடுக்க வேண்டிய ஒன்றைக்கூட, கடந்துபோகும் ஸ்டேஷன் என்று ஆள் உட்கார்ந்தபடி இருந்துவிட முடிகிறது.

மருத்துவரிடம் போனது என் முடிவு இல்லை, என் கணவர் முடிவு. "நீ அழுதா எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். நீ இப்படி இருந்தா எனக்குத் தெரியலை" என்றார். சண்டை போடக்கூடத் தெம்பு இல்லாததால் கிளம்பினேன்.

முதலில் பொது மருத்துவர். ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின். தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம் வரலாம், அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்றார். எதிலாவது குறை இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர் என்னைவிட வயதில் சின்னவர். ஒரு தாளைக் கொடுத்தார். பி.எச்.க்யூ-9 என்று பெயர். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை. மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். கணக்கர் புத்தி, அவர் வாங்குவதற்கு முன்பே நான் கூட்டிவிட்டேன். பத்தைத் தாண்டி நன்றாகவே மேலே போயிருந்தது.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதை அவர் தாளோடு விடவில்லை. நேராகக் கேட்டார். "செத்துடலாம்னு நினைப்பு வருதா?" இப்படி முகத்துக்கு நேரே ஒருவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "சாகணும்னு இல்லை. ஆனா காலையில முழிப்பு வராம இருந்தா பரவாயில்லைன்னு இருக்கு" என்றேன். சொல்லி முடித்ததும் என் தோள் இறங்கியது எனக்கே தெரிந்தது. அதைப் பற்றியே கொஞ்ச நேரம் கேட்டார். வழி ஏதாவது யோசித்திருக்கிறேனா, ராத்திரியில் கூட யார் இருக்கிறார்கள், இந்த நினைப்பு வலுத்தால் யாரைக் கூப்பிடுவேன். கணவரை உள்ளே அழைத்து அவர் முன்னாலும் பேசினார். கேட்டால் அந்த எண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடுவோமோ என்று பலர் கேட்காமல் இருக்கிறார்கள், அப்படி ஆவதில்லை, கேட்பதுதான் நல்லது என்றார். என் அனுபவமும் அதுதான். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த நினைப்பு இருந்தால், மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், இல்லை ஒரு மருத்துவரிடம் போங்கள்.

பிறகு தம்பியைப் பற்றிக் கேட்டார். "அவரை நினைச்சா என்ன தோணுது?"

"ஒண்ணும் தோணலை."

"உங்களைப் பத்தி நினைச்சா?"

அதற்கு மட்டும் பதில் கடகடவென்று வந்தது. நான் எதற்கும் லாயக்கில்லாதவள், வீட்டுக்குப் பாரம், அலுவலகத்தில் எல்லோரும் என் வேலையைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கவனிச்சீங்களா, இதுல உங்க தம்பியே இல்லை."

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். துக்கம் அலையடிக்கும். ஒரு பாட்டு, ஒரு சட்டை, ஒரு தேதி கிளப்பிவிடும், அடித்துவிட்டு இறங்கும். நடுவில் சிரிக்கவும் முடியும். வலிக்கும்போதும் வலிப்பது போனவருக்காக. மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், இறங்குவதில்லை. காரணம் கேட்காது, எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் பூசிவிடும், கடைசியில் உன்னையே உனக்கு வேண்டாதவளாக்கும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1917-லேயே கிட்டத்தட்ட இப்படித்தான் பிரித்தார்: துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மற்றதில் தான் என்பதே வெறுமையாகிறது. ஒன்று இருக்கும்போதே மற்றதும் வந்து மேலே உட்காரலாம். எனக்கு நடந்தது அதுதான். நாலு மாதம் துக்கத்தில் இருந்தேன். அப்புறம் நோய் வந்து துக்கத்தையும் சேர்த்து மூடிவிட்டது.

மருத்துவ உலகமே இதில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது. நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று சொல்லக் கூடாது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். சாதாரண துக்கத்துக்கெல்லாம் மாத்திரை எழுதிவிடுவார்கள் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வேலை போய் மனச்சோர்வு வந்தால் சிகிச்சை, சாவு விழுந்து வந்தால் மட்டும் காத்திரு என்பதிலும் எனக்கு நியாயம் தெரியவில்லை. 2022-ல் அதே கையேட்டில் நீடித்த துக்கம் என்று வேறொன்றையும் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு வருடம் கழிந்தும் ஏக்கம் துளியும் தணியாமல் நாளெல்லாம் ஆட்டிப்படைப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு ஆறு மாதம். என்னுடையது அது இல்லை என்றார் மருத்துவர். அதில் ஏக்கம்தான் நோய். என்னிடம் ஏக்கமே காணாமல் போயிருந்தது.

மாத்திரை எழுதினார். வாங்கி வைத்துவிட்டு அன்றைக்குப் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. பக்கவிளைவுக்குப் பயந்து இல்லை. மாத்திரை போட்டுச் சந்தோஷமாகிவிட்டால், அவன் செத்தது எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? மிச்சமிருக்கும் இந்தப் பாரம்தான் அவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் கடைசிக் கயிறு என்று நினைத்தேன். மருத்துவருக்குப் போன் செய்து இதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த மாத்திரை உங்க தம்பியைத் தொடாது. தூக்கம், பசி, கவனம் இதெல்லாம் திரும்பி வந்தா, அவரை நினைக்க உங்களுக்குத் தெம்பு வரும்" என்றார். உண்மையும் அதுதான் போலிருக்கிறது. தீராத துக்கத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. மருந்து துக்கத்தைக் குறைக்கவில்லை. அதற்கென்றே அமைத்த பேச்சு சிகிச்சைதான் குறைத்தது. மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கத்தான், அந்தச் சிகிச்சையோடு சேர்ந்து, மருந்து உதவியிருக்கிறது.

முதல் வாரம் நன்றாக இல்லை. குமட்டல், படபடப்பு, வாய் உலர்வு. மாத்திரை வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பேன்.

கூடவே ஒரு உளவியலாளரிடம் வாரம் ஒருமுறை. நான் எதிர்பார்த்தது, அவர் என்னை அழவைப்பார் என்று. அவர் என்னிடம் கேட்டது ஒரு அட்டவணை. வாரத்தின் ஏழு நாள், ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தேன், அப்போது மனம் பத்துக்கு எவ்வளவு. எனக்கு அட்டவணை என்றால் உயிர், அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம், செய்தால் மனம் பின்னால் வரும் என்பதுதான் அந்த முறை. காலை எழுந்ததும் ஜன்னல் பக்கம் பத்து நிமிடம் உட்காருவது. அடுத்த வாரம் செருப்பு போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவது. அதற்கடுத்து ஒரு ஆளுக்காவது பதில் செய்தி அனுப்புவது. இவ்வளவு படித்துவிட்டு இதற்கா பணம் கொடுக்கிறோம் என்று எரிச்சலாக இருக்கும். எரிச்சல் வந்ததே நல்ல அறிகுறி என்று அவர் சொன்னபோது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தூக்கம்தான் முதலில் திரும்பியது. பிறகு ருசி. ஒருநாள் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் போனில் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். "சி" என்று அடித்ததும் கீபோர்டு தானாக "சின்னப்பயலே" என்று எடுத்துக்கொடுத்தது. அவனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எத்தனை வருடம் அடித்திருந்தால் அந்த இயந்திரம் அதை முதல் வார்த்தையாக நினைவு வைத்திருக்கும்! மாடிப்படிக்கு ஓடினேன். உட்கார்ந்து அழுதேன், மூச்சு வாங்க வாங்க, பல மாதத்துக்குச் சேர்த்து. பிறகு கணவருக்குப் போன் செய்து, "எனக்கு அழுகை வருதுங்க" என்றேன். குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கிறது போல, மனிதர் மிரண்டுவிட்டார்.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு இதே வகை மாத்திரை உணர்ச்சியை மட்டுப்படுத்தும், அப்போது அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாது, பேசினால் போதும். துக்கத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே வேண்டியதில்லை. என் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கே இப்படி என்றால் அம்மாவுக்கு என்னவோ என்று அவளையும் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அதே தாள், அதே கேள்விகள். அம்மா தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பள்ளியில் செய்த திருட்டுத்தனம் ஒன்றைச் சொல்லிக் குலுங்கிச் சிரித்தாள், நடுவிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். மருத்துவர் முழுசாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மா துக்கத்துல இருக்காங்க. நோய்ல இல்லை. மருந்து வேண்டாம். பேசுறப்ப யாராவது கேட்டா போதும். தூக்கமோ சாப்பாடோ குறைஞ்சா கூட்டிட்டு வாங்க." எல்லோரும் கவலைப்பட்டு விசாரித்த ஆள் சரியாகத்தான் இருந்திருக்கிறாள்.

திரும்பி வரும்போது காரில் அம்மா கேட்டாள். "நீ எப்பலேருந்துடீ இப்படி இருந்தே?"

"தெரியலைம்மா. ஃபைல் முடிஞ்சதுலேருந்து."

"எனக்குத் தெரியும். மூஞ்சியைப் பாத்தா தெரியாதா? கேட்டா நீ உடைஞ்சிடுவியோன்னு கேக்கலை. நீயும் உடைஞ்சா நான் எங்க போவேன்னு இருந்துச்சு."

"அடுத்த தடவை கேட்டுடும்மா."

"சரி."

நன்றாகி ஆறு மாதமாவது மருந்து தொடர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அது முடியப்போகிறது. சட்டென்று நிறுத்தக் கூடாது, தலைசுற்றலும் பதற்றமும் வரும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறார்கள். அந்தச் சமயத்தில் என் தூக்கம் கெடுகிறதா என்று பார்ப்பது அம்மாவின் பொறுப்பு. அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கட்டம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள்.